நூறு மீட்டர் வட்டமும் நொய்யல் கரை ஊர்களும்

சோமனூருக்கு வடக்கே கருமத்தம்பட்டியைத் தொட்டுக்கொண்டு 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை போகிறது. தெற்கே சாமளாபுரம் குளமும் அதற்கு நீர் கொடுக்கும் நொய்யலும். இவை இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில் இன்று கேட்பது விசைத்தறிச் சத்தம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் இது ஆள் நடமாட்டமும் சரக்கு நடமாட்டமும் மிகுந்த பாதைதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரையிலிருந்து வந்த வணிகம் பேரூர், வெள்ளலூர், சூலூர், கொடுமணல் என்று ஆற்றை ஒட்டியே கரூர் வரை சென்றது. வெள்ளலூரில் 1842 முதல் கிடைத்த உரோமானிய வெள்ளிக் காசுக் குவியல்களும், கொடுமணலில் கிடைத்த தமிழி எழுத்துப் பொறித்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட பானையோடுகளும் அதற்குச் சான்று. பின்னலாடைத் தொழிலும் விசைத்தறியும் வேர்விட்ட அதே மண்ணுக்கடியில்தான் கொங்கின் பழைய தொழில்களும் புதைந்து கிடக்கின்றன. அதனால் தொல்லிடங்களைக் காப்பதற்காக அரசு வகுக்கும் நிலப் பயன்பாட்டு விதிகள், அவற்றின்மீதும் அவற்றைச் சுற்றியும் குடியிருக்கும் கிராமத்தாரை என்ன செய்கின்றன என்ற கேள்வி இங்கே நேரடியாக எழுகிறது. நம் விதிகள் தொல்லிடத்தைச் சுற்றி மீட்டர் கணக்கில் வட்டம் போடுகின்றன. அந்த வட்டத்தில் அகப்படுபவர் ஓர் அறை கூட்டிக் கட்ட நினைக்கும் சிறு குடியானவரும் தறிக்காரரும்தான். தொல்லிடத்தை உண்மையில் அழிக்கக்கூடிய பெரிய முடிவுகள் அந்த வட்டத்துக்கு வெளியே, வேறு அலுவலகங்களில் எடுக்கப்படுகின்றன. இந்தக் கோணலைச் சரிசெய்யாமல் விதியை இறுக்குவதாலும் பயனில்லை, தளர்த்துவதாலும் பயனில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

வட்டம் எப்படி வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டத்தில் இந்தத் தூரக் கணக்கு இல்லை. 1992 ஜூன் 16 அன்று வெளியான மத்திய அரசு அறிவிக்கை, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் வகுத்தது. தடைசெய்யப்பட்ட பகுதியிலும் கட்டிக்கொள்ள ஒரு வல்லுநர் குழுவின் வழியாக அனுமதிகள் தரப்பட்டுவந்தன. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழக்கத்தைச் சட்டத்துக்குப் புறம்பானது என்று தள்ளியது. அதன் விளைவாக 2010இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அறிவிக்கையில் இருந்த தூரத்தைச் சட்டத்துக்குள்ளேயே எழுதியது. தேசியத் தொல்சின்னங்கள் ஆணையமும் அப்போது பிறந்தது. 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. பழைய வீட்டைப் பழுதுபார்க்கக்கூட அனுமதி வேண்டும். மீறிக் கட்டினால் இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வொரு சின்னத்துக்கும் அதன் இயல்புக்கேற்பத் தனித் துணைவிதிகள் எழுதப்பட வேண்டும் என்பதையும் அதே திருத்தம் சொன்னது. சட்டத்தின் நியாயமான பாதி அதுதான். நாடு முழுவதும் மத்திய பாதுகாப்பில் இருப்பவை ஏறத்தாழ 3,700 சின்னங்கள். அவற்றில் மிகச் சிலவற்றுக்கே துணைவிதி வந்திருக்கிறது. மற்ற எல்லா இடங்களிலும் டெல்லியின் அடுக்குமாடிகளை மனத்தில் வைத்து வகுத்த தூரமே கொங்கு நாட்டுக் கிராமத்துக்கும் பொருந்துகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டால் இதன் எடை விளங்கும். ஒரு புள்ளியைச் சுற்றி 300 மீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்தால் அதற்குள் அடங்குவது ஏறக்குறைய 28 ஹெக்டேர், அதாவது 70 ஏக்கர். அளவு சின்னத்தின் எல்லையிலிருந்து தொடங்குவதால் உண்மைப் பரப்பு இன்னும் கூடும். நகரத்தில் 70 ஏக்கர் என்பது ஒரு பேட்டையின் மூலை. கொங்குக் கிராமத்தில் கோயில் ஊருக்கு நடுவிலோ ஊரை ஒட்டியோ இருக்கும். நத்தம், தேர்வீதி, மந்தை, சுற்றுத் தோட்டங்கள் எல்லாம் அந்த 70 ஏக்கருக்குள் முடிந்துவிடும். திருப்பூருக்குக் கிழக்கே சர்க்கார் பெரியபாளையம் சுக்ரீஸ்வரர் கோயில், பெருந்துறைக்கு அருகே விஜயமங்கலம் சமணக் கோயில் போன்ற மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களைச் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல. 2023இல் நாடாளுமன்ற நிலைக்குழு தன் அறிக்கையிலேயே இதை எழுதியது: சில இடங்களில் ஊர் முழுதும் 300 மீட்டருக்குள் வந்துவிடுகிறது, வீட்டில் சிறு பழுதுபார்ப்புக்கும் மக்கள் அல்லாடுகிறார்கள், எனவே தூரத்தை நியாயப்படுத்துங்கள் என்று. அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் இன்னொரு சமையலறை வேண்டும். மழை பொய்த்துக் கிணறு வற்றினால் தோட்டத்தின் ஓரத்தில் நான்கு தறி போட ஒரு குடோன் வேண்டும். இந்தப் பக்கத்தில் விசைத்தறி ஊர் ஊராகப் பரவியதே இப்படிக் குடும்ப நிலத்தில், குடும்ப உழைப்பில்தான். தடையின்மைச் சான்று (என்ஓசி) வாங்க அளவையரும் வரைபடமும் இணையவழி விண்ணப்பமும் அலைச்சலும் தேவைப்படும்போது, வசதியுள்ளவர் காத்திருந்து வாங்குகிறார். இல்லாதவர் அனுமதியின்றிக் கட்டுகிறார், அல்லது கட்டாமலே இருந்துவிடுகிறார். அனுமதியின்றிக் கட்டிய வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. அந்த வீட்டின்மேல் எப்போது வேண்டுமானாலும் ஒரு நோட்டீஸ் வரலாம். சட்டத்தை மதிக்கும் கோயிலூர் மனிதரைச் சட்டமீறியாக்கும் விதி, கோயிலின்மேல் அவருக்கு இருந்த உரிமை உணர்வையும் கெடுத்துவிடுகிறது.

விதி பிழைபடுவது தூரத்தில் மட்டும் இல்லை, திசையிலும்தான். கோயிலுக்குக் கெடுதல் உயரத்திலிருந்து வரும்: கோபுரத்தை மறைக்கும் மாடி, அடித்தளத்தை ஆட்டும் இயந்திரம். மண்ணுக்குள் புதைந்த வாழ்விடத்துக்கோ கெடுதல் ஆழத்திலிருந்து வரும். கொடுமணல் அதற்குச் சரியான உதாரணம். நொய்யலின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரில் 1980களில் தொடங்கித் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பின்னர் புதுவைப் பல்கலைக்கழகமும், அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் அகழாய்வு செய்திருக்கின்றன. பேராசிரியர் கா. ராஜனின் ஆய்வுகள் அங்கே இரும்பும் எஃகும் உருக்கியதையும், படிகக் கல்லிலும் நீலப் பச்சைக் கல்லிலும் மணி கோத்ததையும், சங்கு அறுத்ததையும் காட்டின. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிக்கும் ஊர் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வாழ்விடமும் ஈமக்காடும் சேர்ந்து பரந்த பரப்பு அது. அதில் பெரும்பகுதி பட்டா நிலம், உழவு நடக்கும் நிலம். அகழாய்வுக் குழிகள் உழவர்களின் ஒப்புதலோடு வெட்டப்பட்டு, பிறகு மூடப்பட்டன. அங்கே மாடிவீடு ஒரு பொருட்டே இல்லை. மானாவாரிச் சோளக் காட்டைத் தென்னந்தோப்பாக்க வெட்டும் குழியும், ஜேசிபி கொண்டு மேட்டை நிரவிச் சமன்செய்வதும், கல்வட்டத்துக் கற்களை வரப்போரம் ஒதுக்குவதும்தான் அங்கே தடயங்களைக் கலைக்கும். நம் நகர ஊரமைப்புச் சட்டம் இவை எதையும் ‘வளர்ச்சிப் பணி’யாகவே பார்ப்பதில்லை. முழுமைத் திட்ட வரைபடத்தில் விவசாய மண்டலம் என்று பச்சை நிறம் பூசிவிட்டால் அந்த நிலம் காப்பாற்றப்பட்டதாக நினைக்கிறோம். புதைந்த தொல்லிடத்தைப் பொறுத்தவரை அந்தப் பச்சை எதையும் காப்பதில்லை.

இதைவிட அடிப்படையான குறை ஒன்று உண்டு. தொல்லியலாளரின் இடப் பட்டியல், வருவாய்த் துறையின் அ-பதிவேடும் புலப்படமும், நகர ஊரமைப்பு இயக்ககத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடம் என்று ஒரே நிலத்துக்கு மூன்று ஆவணங்கள் இருக்கின்றன. பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்படாத கல்வட்டமோ முதுமக்கள்தாழிக் காடோ பின்னிரண்டிலும் பெயரற்றுக் கிடக்கிறது. அங்கே அது வெறும் புன்செய். புன்செய் மனைப்பிரிவாக மாறும்போது ஒப்புதல் தரும் அலுவலர் சாலை அகலத்தையும் பூங்காவுக்கான ஒதுக்கீட்டையும் பார்க்கிறார். கீழே என்ன இருக்கிறது என்று கேட்க அவர் முன் ஒரு காகிதமும் இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவைத் தடுத்தபோது, தமிழகமெங்கும் எவ்வளவு விளைநிலம் கேள்வியின்றி சைட்டாக மாறியிருந்தது என்பது வெளியே தெரிந்தது. மறு ஆண்டே வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. கட்டணம் கட்டி மனை சட்டபூர்வமாகலாம். நிரவப்பட்ட ஈமச்சின்னத்தை எந்தக் கட்டணமும் மீட்காது. கோவைப் பகுதியின் முழுமைத் திட்டம் 1994இல் ஒப்புதல் பெற்றது. அடுத்த வரைவு மக்கள் பார்வைக்கு வந்தது 2024இல். திருப்பூர் பனியன் ஏற்றுமதி பெருகியதும், அவிநாசிச் சாலை இருபுறமும் கட்டடமாக நிறைந்ததும் அந்த முப்பது ஆண்டுகளில்தான். திட்டம் உறங்கிய காலத்தில் நிலத்தின் போக்கைச் சந்தையே முடிவு செய்தது.

சிறியவரைப் பிடிக்கும் வட்டம் பெரியதை ஏன் பிடிப்பதில்லை என்பதற்கு நொய்யலே சாட்சி. கொடுமணலுக்கு அருகிலேயே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டில்தான் நூறு மீட்டர் அறிவிக்கையும் வந்தது. ஏறத்தாழப் பத்தாயிரம் ஏக்கருக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டிய அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் தொட்டியானது. கீழ்மடை உழவர்களே திறக்காதீர்கள் என்று கேட்ட அணை அது. நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் நீதிமன்றம் ஏறி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடச் சொல்லும்வரை வழக்கு நீண்டது. மணி கோத்த, இரும்பு உருக்கிய, தமிழ் எழுதிய ஊர் அமைந்ததே அந்த ஆற்றின் நீரை நம்பி. ஆற்று நீர் உப்பாகிக் கிணறுகள் கெட்டபோது கரையோர உழவு சரிந்தது. உழவு சரிந்தால் நிலம் கைமாறும். நிலம் கைமாறினால் அதன்கீழ் உள்ளதும் கைவிட்டுப் போகும். இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியையும் தொல்சின்னச் சட்டம் தொடவில்லை. ஆற்றைப் பார்ப்பது நீர்வளத் துறை, கழிவைப் பார்ப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆலைக்கு இடம் ஒதுக்குவது ஊரமைப்புத் துறை. ஆறோ கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என நான்கு மாவட்டங்களைக் கடக்கிறது. போதாததற்கு, 2018 ஜனவரியில் மக்களவை நிறைவேற்றிய திருத்த மசோதா, தடைசெய்யப்பட்ட 100 மீட்டருக்குள் மத்திய அரசின் பொதுப்பணிகளுக்கு மட்டும் வழிவிட முயன்றது. மாநிலங்களவையில் அது நிறைவேறவில்லை என்பது ஆறுதல். குடியானவரின் சமையலறைக்கு இல்லாத விலக்கு மேம்பாலத்துக்கு வேண்டும் என்று ஒரு அரசு கேட்டது என்பதே நம் முன்னுரிமைகளைச் சொல்லிவிடுகிறது.

கர்நாடகத்தின் ஹம்பியில் இந்தச் சிக்கல் முற்றிய வடிவில் நடந்தது. துங்கபத்திரையின் குறுக்கே ஆனேகுந்திக்குப் பாலம் கட்டத் தொடங்கியதால் 1999இல் யுனெஸ்கோ ஹம்பியை ஆபத்திலுள்ள உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. பாலம் ஆண்டுக்கணக்கில் பாதியில் நின்றது. அக்கரை மக்கள் பரிசலில் ஆற்றைக் கடந்தார்கள். மீண்டும் வேலை நடந்த 2009 ஜனவரியில் பாலம் இடிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். இதற்கிடையே 2002இல் ஹம்பிக்கென்று தனி மேலாண்மை ஆணையமும் சட்டமும் வந்தன. ஆனாலும் 2011 ஜூலை இறுதியில் விரூபாட்சர் கோயிலின் தேர்வீதி மண்டபங்களில் தலைமுறையாகக் குடியிருந்து கடை நடத்தியவர்கள் ஒரே நாளில் அகற்றப்பட்டார்கள். கடைவீதி என்ற பெயரிலேயே அறியப்படும் ஒரு சின்னத்திலிருந்து கடைக்காரர்களை நீக்கி, அதைத் தூய்மைப்படுத்தியதாகச் சொன்னார்கள். மரபைக் கல்லாக மட்டும் பார்க்கும் திட்டம் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தென்னிந்தியாவில் இல்லை. தனி ஆணையம் இருந்தால் போதும் என்று நம்புகிறவர்களுக்கும் இது பதில். ஆணையத்தில் ஊர்க்காரரின் குரல் முடிவை மாற்றும் வலுவோடு இருக்கிறதா என்பதே கேட்க வேண்டியது.

ஒரே தூரத்துக்குப் பதிலாக இடத்துக்கேற்ற விதி வேண்டும் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தூரத்தை உறுதியாக எழுதிவைத்தால்தான் அதிகாரிக்கு நெளிய இடமிருக்காது. இடத்துக்கு இடம் விதி என்று தளர்த்தினால், மனைவணிகம் முதலில் நுழையும், செல்வாக்கு உள்ளவருக்கு ஏற்ற துணைவிதி எழுதப்படும். 1992க்கும் 2009க்கும் இடையில் டெல்லியில் நடந்தது அதுதானே? இந்த அச்சம் வெறுங்கற்பனை இல்லை. 2013இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நேரில் ஆய்வு செய்த சின்னங்களில் 92 கண்ணில் படவே இல்லை என்று அறிக்கை எழுதினார். அவற்றில் சில பின்னர் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டாலும், காவலில் இருந்த சின்னம் காணாமல் போகும் நாட்டில் கட்டுப்பாட்டைக் குறைக்கச் சொல்வது எளிதாக இருக்கக் கூடாது. ஆயினும் அந்த 92ஐ வட்டம் காப்பாற்றவில்லை என்பதையும் சேர்த்தே கணக்கில் கொள்ள வேண்டும். விதி இருந்தது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஊர்க்காரர் விதியைத் தன் எதிரியாகப் பார்க்கும் இடத்தில், அக்கம்பக்கத்தில் நடக்கும் மீறலை யாரும் சொல்ல மாட்டார்கள். நான் கேட்பது தளர்வு இல்லை. சர்க்கார் பெரியபாளையத்தில் உயர வரம்பும் ஓட்டுக்கூரை அளவும் எழுதி, அதற்குட்பட்ட வீட்டுக்கும் சிறு தறிக்கூடத்துக்கும் ஊராட்சியே அனுமதி தரட்டும். கொடுமணல் போன்ற இடத்தில் வீட்டைவிட ஆழமான உழவையும் நிரவலையும் ஆழ்குழியையும் கட்டுப்படுத்தட்டும். ஆபத்து எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அங்கே விதி இன்றைவிடக் கடுமையாகும்.

ஊர்க்காரர்களே கல்வட்டத்தைப் பெயர்த்து வீட்டுக்கு அடித்தளம் போடுகிறார்கள், அவர்களையா நம்பச் சொல்கிறீர்கள் என்று தொல்லியல் ஆர்வலர்கள் கேட்பதுண்டு. நடக்கிறதுதான். ஆனால் எதிர்ப்பக்கச் சான்று அண்மையில் மதுரை மாவட்டம் மேலூரில் கிடைத்தது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி, இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு, இந்துஸ்தான் சிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் போனது. அதற்குள் அரிட்டாபட்டியும் இருந்தது. தமிழிக் கல்வெட்டும் சமணப் படுக்கையும் பாண்டியர் குடைவரையும் உள்ள ஊர் அது, 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊரும்கூட. குடைவரையைச் சுற்றியிருந்த பாதுகாப்பு வட்டம் அந்த ஏலத்தைத் தடுக்கவில்லை. தடுத்தது ஊர்கள்தான். கிராம சபைகள் தீர்மானம் போட்டன, டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்து உழவர்கள் மதுரைக்கு நடந்தார்கள், அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தைக் கைவிட்டது. அந்த மக்கள் கல்வெட்டைத் தனியாகவும் கண்மாயைத் தனியாகவும் பேசவில்லை. மலையிலிருந்து இறங்கும் நீர், அது நிரப்பும் கண்மாய், மலையிலிருக்கும் சாமி, சமணர் எழுத்து எல்லாம் அவர்களுக்கு ஒரே சொத்து. தொல்லிடம் பிழைப்போடு சேர்ந்திருக்கும்போது ஊர் அதற்காகத் தெருவில் இறங்குகிறது. பிழைப்புக்குத் தடையாக வரும்போது வரப்போரம் ஒதுக்கிவிடுகிறது.

சுற்றுலா வரும், அருங்காட்சியகம் வரும், அதனால் ஊர் வளரும் என்பது இன்னொரு பதில். கீழடியில் 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் கூட்டம் சேர்க்கிறது, அதில் மகிழ்ச்சிதான். ஆனால் நுழைவுச்சீட்டும் வாகன நிறுத்தமும் தரும் வருமானம் தென்னந்தோப்பின் வருமானத்தை இழந்தவருக்கு நேராகப் போய்ச் சேர்வதில்லை. எல்லா இடமும் கீழடி ஆகவும் முடியாது. ஆதிச்சநல்லூரின் 114 ஏக்கர் உழவற்ற பரம்பு, அதைக் காப்பதில் உழவருக்குப் பெரிய இழப்பில்லை. கொடுமணல் உழவு நடக்கும் பட்டா நிலம். அங்கே காப்பின் செலவை யார் சுமப்பது என்பதை மழுப்ப முடியாது.

இழப்பீடு பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? 1958ஆம் ஆண்டுச் சட்டம் அகழாய்வுக்காக நிலத்தில் நுழைவதாலும் தோண்டுவதாலும் வரும் நட்டத்துக்கு இழப்பீடு தரச் சொல்கிறது. வட்டத்துக்குள் இருப்பதால் கட்ட முடியாமலும் விற்க முடியாமலும் போகும் இழப்புக்கு அப்படித் தெளிவான வழி இல்லை. நகரங்களில் மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை என்று ஒரு ஏற்பாடு உண்டு. இங்கே கட்ட முடியாத தளப்பரப்பை வேறிடத்தில் கட்ட விற்றுக்கொள்ளலாம். மும்பை மரபுக் கட்டடங்களுக்கு அது உதவியது. தளப்பரப்புக்குச் சந்தையே இல்லாத கிராமத்தில் அந்த உரிமை வெறும் தாள். இதற்கு நம் மாநிலச் சட்டத்திலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, பொதுப் பயனுக்கென்று திட்டத்தில் ஒதுக்கிய தனியார் நிலத்தை மூன்றாண்டுக்குள் எடுக்க அரசு முனையாவிட்டால் ஒதுக்கீடு தானே விலகிவிடும் என்கிறது. அடுத்தவர் நிலத்தைக் காலவரையின்றிக் கட்டிவைக்கக் கூடாது என்ற அதே நீதி தொல்லிட நிலத்துக்கும் வர வேண்டும். வித்தியாசம், இங்கே ஒதுக்கீடு விலகினால் தொல்லிடம் அழியும். அதனால் விலக்குவதற்குப் பதிலாக ஆண்டு வாடகை தர வேண்டும்: ஆழ உழாமல், குழி வெட்டாமல், மானாவாரிப் பயிரே வைக்க ஒப்புக்கொள்ளும் உழவருக்கு, தென்னைக்கும் சோளத்துக்கும் உள்ள வருமான வித்தியாசத்தை ஈடுகட்டும் ஒப்பந்தத் தொகை. நெடுஞ்சாலைக்கு ஓர் ஏக்கர் எடுக்கக் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால் இது சிறு செலவு.

செய்ய வேண்டியவற்றில் முதலாவதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. பேரூரிலிருந்து கொடுமணல் வரை நொய்யல் படுகையின் தொல்லிடங்களைத் தொல்லியல் துறை சர்வே எண் வாரியாகக் கொடுக்க, வருவாய்த் துறை அதை அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் ஏற்ற வேண்டும். அப்போது பட்டா மாறும்போதும் மனைப்பிரிவுக்கு விண்ணப்பிக்கும்போதும் கேள்வி தானே எழும். ஏற்றுவதற்குமுன் பட்டியலை அந்தந்தக் கிராம சபையில் வாசித்து, நிலக்காரரின் ஆட்சேபணையைக் கேட்க வேண்டும். பதிவேட்டில் ஒரு வரி ஏறினாலே நிலத்தின் விலை குறையும் என்று உழவர் அஞ்சுவார். அந்த அச்சம் நியாயமானது, வாடகை ஒப்பந்தம் அந்த வரியோடு சேர்ந்தே வந்தால்தான் அது தீரும். மாநில அரசு 2012இல் மரபு ஆணையத்துக்கென்று ஒரு சட்டம் நிறைவேற்றிவிட்டுப் பல ஆண்டுகள் அதைக் கிடப்பில் வைத்திருந்தது. அந்த ஆணையத்தின் பார்வை கட்டடங்களோடு நின்றுவிடாமல், சாமளாபுரம், சூலூர்க் குளங்கள் போன்ற நொய்யலின் பழைய நீர்ப்பாசன அமைப்பும் ஈமக்காடுகளும் அதற்குள் வர வேண்டும். நான்கு மாவட்டத் திட்டங்களும் ஆற்றை எல்லைக்கோடாக வெட்டாமல், சாய ஆலைக்கு இடம் ஒதுக்கும் கோப்பு தொல்லியல் துறை மேசைக்கும் கீழ்மடை ஊராட்சிக்கும் போய்த் திரும்பும் நடைமுறை வேண்டும். கருமத்தம்பட்டி 2021இல் நகராட்சியானது. சோமனூரைச் சுற்றி இன்னும் ஊராட்சிகளாக இருப்பவையும் அடுத்தடுத்து நகராட்சிக்குள் சேரும். ஊராட்சி நகராட்சியாகும் நாளில் கிராம சபை இல்லாமல் போகிறது. தொல்லிடப் பட்டியலைச் சபையில் வைத்து முடிவெடுக்கும் வேலை அதற்குமுன் நடந்தாக வேண்டும்.